வீடும் நாடும் சிரிக்க வாழ்ந்தவர்

பெரியோர் வாழ்க்கை வரலாறு என்றாலே நம் மனத்தில் ஒரு படம் எழுகிறது. முகத்தில் சிரிப்பில்லாத ஒருவர். வீட்டை மறந்து நாட்டுக்கு உழைத்தவர். நல்ல சாப்பாடும் நல்ல பாட்டும் தமக்கு வேண்டாமென்று ஒதுக்கியவர். இத்தகையோரை நாம் வணங்குகிறோம். ஆனால் அவரைப்போல் வாழ நம்மால் ஆகுமா என்று எண்ணும்போது நெஞ்சு சற்றுத் தளர்ந்துவிடுகிறது. சிரித்துக்கொண்டும், மனைவி மக்களோடு மகிழ்ந்துகொண்டும், வாழ்வின் இனிமைகளை வேண்டுமட்டும் சுவைத்துக்கொண்டும் ஒருவர் பெரியவராக இருக்க முடியாதா? முடியும் என்பதற்கு ஒரு சான்று, நமது மாவட்டத்தோடு சற்றே தொடர்புடைய சான்று, நம்மிடம் இருக்கிறது. அவரைப் பற்றியே இங்கு எழுத முற்பட்டோம்.

ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளி என்னும் சிற்றூரை நாம் அறிவோம். 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் மூதறிஞர் இராஜாஜி பிறந்த ஊர் அது. சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வீற்றிருந்த ஒரே இந்தியர் நம் மண்ணில் பிறந்தவர் என்று பெருமைப்படுகிறோம். கறுப்புக் கண்ணாடி, கைத்தடி, கண்டிப்பு, எளிமை இவையே இராஜாஜி என்றதும் நம் நினைவுக்கு வருவன. அந்தக் கண்டிப்பான பெரியவரைத் தம் குருவாகக் கொண்டு, அவரருகே பல ஆண்டுகள் வாழ்ந்து, அவருடைய கொள்கைகளைத் தமிழ்நாடு முழுவதும் சிரிக்கச் சிரிக்கப் பரப்பியவர் ஒருவர் உண்டு. அவர்தாம் அமரர் கல்கி.

கல்கியின் இயற்பெயர் கிருஷ்ணமூர்த்தி. பழைய தஞ்சை மாவட்டத்தில், மயிலாடுதுறைக்கு அருகே புத்தமங்கலம் என்ற சிற்றூரில் 1899-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் இராமசாமி ஐயர், தாயார் தையல்நாயகி அம்மாள். செல்வக் குடும்பமன்று. காவிரிக் கரையும், கோயில் திருவிழாவும், கதாகாலட்சேபமும், நாகசுர ஓசையும் அவருக்குக் கிடைத்த சொத்துக்கள். அந்தச் சொத்தை அவர் கடைசிவரை செலவழித்துத் தீர்க்கவில்லை; எழுத எழுத அது பெருகிக்கொண்டே வந்தது.

திருச்சியில் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, 1921-இல், காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவியது. பள்ளி இறுதித் தேர்வு நெருங்கிய வேளையில் கிருஷ்ணமூர்த்தி படிப்பை விட்டு வெளியேறினார். (இதைச் சான்றாகக் காட்டி நம் தோழியர் எவரும் தேர்வுக்கு வராமல் இருந்துவிட வேண்டாம். அவர் தேர்வை விட்டது விளையாடுவதற்காக அன்று. மறு ஆண்டே அவருக்கு ஓராண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது!) பிறகு 1930-இல் ஆறு மாதம், 1941-இல் மூன்று மாதம் என்று மொத்தம் மூன்று முறை சிறை சென்றார். மூன்று முறை சிறை கண்ட பிறகும் சிரிப்பை இழக்கவில்லை என்பதே நாம் முதலில் கவனிக்க வேண்டிய செய்தி.

சிறையினின்றும் வந்தபின் 1923-இல் தமிழ்த்தென்றல் திரு.வி.க.வின் நவசக்தி பத்திரிகையில் சேர்ந்தார். தமிழை எளிமையாகவும் இனிமையாகவும் எழுதும் பயிற்சி அங்கே அவருக்கு வாய்த்தது. 1924-இல் ருக்மிணி அம்மையாரை மணந்தார். அவர்களுக்கு ஆனந்தி என்ற மகளும் இராஜேந்திரன் என்ற மகனும் பிறந்தனர்.

இனி நம் மாவட்டத்தோடு அவருக்குள்ள தொடர்பைச் சொல்ல வேண்டும்.

திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையம் என்னும் இடத்தில் 1925-இல் இராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவினார். கதர் நூற்றல், தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு ஆகிய மூன்றும் அங்கு நடைபெற்ற பணிகள். மதுவின் தீமையை மக்களுக்கு எடுத்துச் சொல்லவென்றே 1929-இல் விமோசனம் என்ற மாத இதழை இராஜாஜி தொடங்கினார். அதை நடத்துவதில் அவருக்குத் துணையாக நின்றவர் கல்கி. நகர வசதி எதுவுமில்லாத அந்த ஆசிரமத்தில் அவருடைய குடும்ப வாழ்க்கை நடந்தது.

ஓர் இதழ் முழுவதும் குடியின் கேட்டைப் பற்றியே எழுத வேண்டுமென்றால் எவ்வளவு கடினம் என்று சற்று எண்ணிப் பாருங்கள். உபதேசம் செய்தால் யார் கேட்பார்கள்? குடிப்பவர் கேட்கமாட்டார், குடிக்காதவருக்குத் தேவையில்லை. கல்கி உபதேசம் செய்யவில்லை, கதை சொன்னார். சிரிக்க வைக்க வேண்டிய இடத்தில் சிரிக்க வைத்தார். சிரித்து முடித்தவுடன், கள்ளுக்கடைக்குப் போன கூலியும், அடுப்பெரியாத வீடும், வாசலில் தந்தைக்காகக் காத்திருக்கும் குழந்தையும் படிப்பவர் கண்முன் வந்து நின்றன. விமோசனம் பத்து இதழ்களே வந்தது. 1930-இல் உப்பு சத்தியாக்கிரகம் தொடங்கி, இராஜாஜியும் பிறரும் சிறை செல்ல, அது நின்றுபோயிற்று. ஆனால் அதில் விதைத்த விதை வீண்போகவில்லை.

1937-இல் இராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் மதுவிலக்குச் சட்டம் முதன்முதலாக ஒரே ஒரு மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. அது சேலம் மாவட்டம். அந்நாளில் கிருஷ்ணகிரியும் ஓசூரும் சேலம் மாவட்டத்தின் பகுதிகளே. 1965-இல் தருமபுரி மாவட்டம் பிரிந்தது. 2004-இல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. ஆகவே மாகாணத்திலேயே கள்ளுக்கடைகள் முதலில் மூடப்பட்ட ஊர்களில் நம் ஊர்களும் அடங்கும். மதுவினால் அரசாங்கத்துக்கு வந்துகொண்டிருந்த வருமானம் குறைந்ததை ஈடுசெய்யவே 1939-இல் விற்பனை வரி கொண்டுவரப்பட்டது என்பதையும் நம் சமூகவியல் மாணவியர் நினைவிற் கொள்ளலாம். 1971-இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. அதன்பின் சட்டம் பலமுறை மாறியது. ஆனால் கல்கி அன்று எழுதிய அந்த வீடுகள் மாறினவா?

தொழிற்பேட்டைகள் நிறைந்த நம் பகுதியில், தமிழ்நாட்டின் பல மூலைகளிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் வந்து உழைக்கும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. மாதச் சம்பளம் வாங்கும் நாளில் தந்தை வீட்டுக்கு எப்படி வருவாரோ என்று காத்திருக்கும் பிள்ளைகள் இன்றும் நம்மிடையே உண்டு. நம் வகுப்பில், நம் பெஞ்சில், நம் பக்கத்திலேயே அமர்ந்திருக்கலாம். ஆகையால் இது பழங்கதை என்று நாம் ஒதுக்க முடியாது. குடித்தால்தான் உற்சாகம், குடித்தால்தான் கொண்டாட்டம் என்று சொல்லப்படுகிற இக்காலத்தில், மதுவை எதிர்த்து எழுதிக்கொண்டே, தம் காலத்துத் தமிழர்களில் மிக உற்சாகமாக வாழ்ந்தவர் என்று சொல்லத்தக்க ஒருவர் இருந்தார் என்பதை நாம் வீட்டிலும் சொல்ல வேண்டும்.

அந்த உற்சாகத்தைச் சற்றுப் பார்ப்போம்.

எஸ்.எஸ். வாசன் நடத்திய ஆனந்த விகடனுக்குக் கல்கி முதலில் அனுப்பிய கட்டுரையின் தலைப்பு ஏட்டிக்குப் போட்டி. தலைப்பிலேயே குறும்பு தெரிகிறதல்லவா? 1930-களின் தொடக்கத்தில் அப்பத்திரிகையின் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். கல்கி என்ற பெயர் ஒன்று அவருக்குப் போதவில்லை. கர்நாடகம், தமிழ்த்தேனீ, அகஸ்தியர், விவசாயி, லாங்கூலன் என்று பல பெயர்களைச் சூட்டிக்கொண்டார். கர்நாடகம் என்ற பெயரில் அவர் எழுதிய சங்கீத விமரிசனங்களுக்காகவே காத்திருந்தவர்கள் பலர். சபாக்களிலும் கச்சேரிகளிலும் நடப்பதை வேடிக்கையாக எழுதுவார். பெரிய வித்துவானானாலும் குறை கண்டால் சொல்லுவார். அந்த வித்துவானே படித்துச் சிரிக்கும்படி சொல்லுவார். கச்சேரியின் முடிவில் துக்கடாவாக மட்டுமே தமிழ்ப் பாட்டுக்கு இடம் தந்த நாட்களில், தமிழிசைக்கு உரிய இடம் வேண்டுமென்று வாதாடியவர்களுள் அவர் முன்வரிசையில் நின்றார்.

அவர் எல்லோருக்கும் இனியவராகவே இருந்தார் என்று சொல்லிவிட முடியாது. எழுத்துலகில் அவருக்கு எதிரிகளும் இருந்தனர். அவருடைய கதைகள் சில பிறமொழிக் கதைகளைத் தழுவியவை என்று குறை கூறியவர்கள் உண்டு. அவரும் சளைக்காமல் விவாதம் செய்தார். வாழ்க்கையை ஆர்வத்தோடு வாழ்கிறவர்களுக்குச் சண்டையும் ஒரு பங்கு கிடைக்கத்தானே செய்யும்!

1941-இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சிறை செல்வதற்காக விகடனை விட்டார். விடுதலையாகி வந்தபோது வேலை இல்லை. மனைவியும் இரு குழந்தைகளும் இருந்தனர். இந்நிலையில் நண்பர் சதாசிவத்துடன் சேர்ந்து சொந்தமாகப் பத்திரிகை தொடங்கத் துணிந்தார். சதாசிவத்தின் துணைவியார் எம்.எஸ். சுப்புலட்சுமி, சாவித்திரி என்ற திரைப்படத்தில் நாரதர் வேடமேற்று நடித்து, அதில் வந்த பணத்தைப் பத்திரிகைக்கு முதலாகத் தந்தார். 1941 ஆகஸ்டு முதல் நாள் கல்கி இதழ் பிறந்தது. அது 2020 வரை அச்சில் வெளிவந்தது. ஒரு பெண்மணியின் தியாகத்தில் பிறந்த பத்திரிகை என்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி. பின்னாளில் கல்கியின் மகன் இராஜேந்திரனும், அவருக்குப்பின் பேத்தியரும் அதை நடத்தினர்.

அக்காலத்துப் பாட்டிமாரைக் கேட்டால் சொல்லுவார்கள். வாரப் பத்திரிகை வீட்டுக்கு வந்ததும் முதலில் யார் படிப்பது என்று போட்டி நடக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் வாய்விட்டுப் படித்துக் காட்டுவார்கள். தொடர்கதையின் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து பெட்டியில் பத்திரப்படுத்துவார்கள். தாத்தாவும் பேத்தியும் கூச்சமின்றிச் சேர்ந்து படிக்கத்தக்க கதைகளை அவர் எழுதினார். தம் வீட்டில் மட்டுமன்றி, தமிழர் வீடுகள் தோறும் கல்கி ஒரு குடும்பத் தலைவராக அமர்ந்திருந்தார் என்றால் மிகையாகாது.

தம் வீட்டில் அவர் எப்படி இருந்தார்? இதற்கு ஒரு செய்தி போதும். பெண்கள் நடனமாடுவதை நல்ல குடும்பத்தார் இழிவாகக் கருதிய காலம் அப்பொழுதுதான் மெல்ல மாறிக்கொண்டிருந்தது. பரதநாட்டியத்தைப் புகழ்ந்து எழுதுவது எளிது. தம் பெண்ணை மேடையேற்றுவது எளிதன்று. கல்கி தம் மகள் ஆனந்தியை, சதாசிவத்தின் மகள் ராதாவுடன் சேர்த்து, வழுவூர் இராமையா பிள்ளையிடம் நடனம் பயில அனுப்பினார். ராதா - ஆனந்தி என்ற இரு சிறுமியரின் நடனத்தை அந்நாளில் தமிழகம் கண்டு மகிழ்ந்தது. ஊருக்கு ஒரு நியாயம், தம் வீட்டுக்கு ஒரு நியாயம் என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. தாம் சுவைத்த இனிமையைத் தம் மகளுக்கும் பங்கிட்டுக் கொடுத்தார்.

அவருடைய கதைகளிலும் பெண்கள் மூலையில் அமர்ந்து அழுதுகொண்டிருப்பதில்லை. தியாகபூமியின் சாவித்திரி, கொடுமை செய்த கணவனிடம் திரும்பிப் போக மறுத்து, தன் காலில் நிற்கிறாள். 1939-இல் இக்கதை கே. சுப்பிரமணியத்தின் இயக்கத்தில் திரைப்படமாக வந்தது. பிறகு அன்றைய ஆங்கில அரசாங்கம் அதைத் தடை செய்தது. சிவகாமியின் சபதத்தில் சிவகாமி, பொன்னியின் செல்வனில் குந்தவை, வானதி, ஓடம் செலுத்தும் பூங்குழலி என்று எத்தனை பெண்கள்! நம்மில் பலர் 2022-லும் 2023-லும் வெளிவந்த திரைப்படங்களால் இவர்களை அறிந்திருக்கலாம். ஐந்து பாகங்களையும் நூலகத்தில் எடுத்துப் படித்தவர்களுக்குத்தான் வந்தியத்தேவனின் முழுக் குறும்பும் தெரியும். பசியும் ஆபத்தும் துரத்தத் துரத்த, சிரித்த முகத்தோடு குதிரையேறிச் செல்லும் அந்த இளைஞனைப் படிக்கும்போதெல்லாம், இவனிடத்தில் ஆசிரியரின் சாயல் கொஞ்சம் இருக்கிறதே என்று எங்களுக்குத் தோன்றும்.

பயணம் செய்வதில் அவருக்கு அடங்காத ஆசை. ஓவியர் மணியத்தை உடன் அழைத்துக்கொண்டு, கதை நடக்கும் இடங்களுக்கே செல்வார். பொன்னியின் செல்வனுக்காக இலங்கைக்கும் சென்று வந்தார். நண்பர் கூட்டம் என்றால் உயிர். இரசிகமணி டி.கே.சி. போன்றோருடன் கவிதையும் சிரிப்புமாகப் பொழுது போக்குவதைப் பேரின்பமாகக் கருதினார். ஆனால் தம் இன்பத்தோடு நின்றுவிடவில்லை. எட்டயபுரத்தில் மகாகவி பாரதிக்கு மணிமண்டபம் எழுப்ப வேண்டுமென்று தம் பத்திரிகையில் எழுதினார். வாசகர்கள் பணம் அனுப்பினர். 1945-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1947 அக்டோபரில் மண்டபம் திறக்கப்பட்டது. வறுமையில் மறைந்த கவிஞனுக்கு, படித்து மகிழ்ந்த எளிய மக்களின் காசு கொண்டே நினைவுச் சின்னம் எழுந்தது.

பொன்னியின் செல்வனை 1950 அக்டோபர் தொடங்கி 1954 மே வரை, மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் எழுதினார். அதை முடித்ததும் ஓய்வெடுத்தாரா? இல்லை. அமரதாரா என்ற புதிய தொடர்கதையைத் தொடங்கினார். ஆனால் காசநோய் அவர் உடலை அரித்துவிட்டிருந்தது. 1954-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள், தம் 55-ஆம் வயதில், கதையைப் பாதியில் விட்டு அமரரானார். அவருடைய அலை ஓசை என்ற நாவலுக்குச் சாகித்திய அக்காதெமி பரிசு 1956-இல் கிடைத்தபோது அதை வாங்க அவர் இல்லை.

பாதியில் நின்ற அமரதாரா என்ன ஆயிற்று? தந்தை எழுதி வைத்திருந்த குறிப்புகளைக் கொண்டு, மகள் ஆனந்தி அதை எழுதி முடித்தார்.

இந்த ஓர் செய்தியே கல்கியின் வாழ்க்கைக்குச் சரியான முடிவுரை என்று எங்களுக்குத் தோன்றுகிறது. மகளை ஆட அனுமதித்த தந்தை. தந்தையின் கதையை முடித்து வைத்த மகள். பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லக்கூடிய செல்வம் பல உண்டு. நிலம் உண்டு, நகை உண்டு. ஆனால் தந்தையின் வேலை இன்னதென்று அறிந்து, அதை நேசித்து, பாதியில் நின்றால் எடுத்து நடத்தும் அளவுக்கு மகளை வளர்ப்பது எல்லாவற்றிலும் பெரிய செல்வம். அத்தகைய அன்பு கண்டிப்பினால் மட்டும் வளர்வதன்று. வீட்டில் சிரிப்பொலி கேட்க வேண்டும். சிரிப்பொலி கேட்க வேண்டுமானால், அதைப் பறித்துச் செல்லும் குடி போன்ற கேடுகள் வாசற்படியேறாமல் காக்க வேண்டும். கல்கி இரண்டையும் செய்தார். ஒரு கையால் காத்தார். மறு கையால் கொடுத்தார்.

அன்புத் தோழியரே! படிப்பு முடிந்து நாளை நாம் ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையில் செல்வோம். ஆலையிலோ, அலுவலகத்திலோ, மருத்துவமனையிலோ பணியாற்றுவோம், இல்லத்தை நடத்துவோம். எங்கு சென்றாலும், நல்லவராக இருப்பதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதை நினைவிற் கொள்வோம். மகிழ்ச்சியாக இருப்பதற்குக் கெட்ட வழி எதையும் நாட வேண்டியதில்லை என்பதையும் நினைவிற் கொள்வோம்.

அன்பார்ந்த பெற்றோரே! அடுத்த முறை தொரப்பள்ளிப் பக்கம் செல்ல நேர்ந்தால், பிள்ளைகளுக்கு இராஜாஜியின் வீட்டைக் காட்டுங்கள். கூடவே, அந்தக் கண்டிப்பான பெரியவரின் அருகே நின்று சிரித்துக்கொண்டிருந்த அவருடைய சீடரைப் பற்றியும் ஒரு கதை சொல்லுங்கள். திரும்பி வரும் வழியெல்லாம் பிள்ளைகள் இன்னொரு கதை கேட்பார்கள். சொல்லச் சொல்லத் தீராத கதைகளை அவர் நமக்கு வைத்துவிட்டுச் சென்றிருக்கிறார்.